கெரேத்தரோவில் நான் படித்த பணியிட ஸ்பானிஷ் வகுப்பு: ஒரு மதிப்புரை

மெக்ஸிகோவின் பஹீயோ பகுதிக்கு, அதாவது கெரேத்தரோ, குவானஹுவாதோ, அகுவாஸ்காலியந்தெஸ் பக்கம், கார் உதிரிபாகத் தொழிற்சாலை வேலைக்கு வரும் நம் ஆட்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஸ்பானிஷ் எங்கே படிப்பது? நான் ஓசூரில் தரப் பிரிவில் இருந்துவிட்டு இங்கே வந்தவள். கெரேத்தரோவில் ஒரு சின்னப் பள்ளியில் 'வேலைக்கான ஸ்பானிஷ்' என்ற வகுப்பை முழுதாக முடித்திருக்கிறேன். கேட்பவர்களுக்குத் துண்டு துண்டாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் விவரமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. இரண்டு பேர் நடத்தும் இடம் அது, நான் குறைகளையும் சொல்லப்போகிறேன். இதே மாதிரி வகுப்புகள் ஊருக்குள் நிறைய இருக்கின்றன. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இது உதவினால் போதும்.

முதலில் அடிப்படை விவரம். குழு வகுப்பு ஒரு மணி நேரத்துக்கு 180 பேசோ, தனி வகுப்பு 350 பேசோ. குழு என்றால் ஆறு பேருக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். ஒரு எழுதுபொருள் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள். ஆசிரியை முன்பு ஒரு தொழிற்சாலையில் பணியாளர் பிரிவில் இருந்தவர். அவரை எல்லாரும் 'மாயெஸ்த்ரா' என்றுதான் கூப்பிடுவோம், இங்கே டீச்சரை அப்படித்தான் அழைப்பார்கள். வாழ்த்துச் சொல்வது, எண்கள், ஷிஃப்ட் நேரம், உடல்நலமில்லை என்று விடுப்புக் கேட்பது போன்ற பாடங்கள் எங்கேயும் கிடைப்பவைதான். அதற்காக இங்கே போக வேண்டியதில்லை. இந்த வகுப்புக்குப் பணம் கொடுக்கலாம் என்று நான் சொல்வது ஒரே ஒரு பகுதிக்காக: இதைச் செய்தாக வேண்டும், இந்த நேரத்துக்குள் வேண்டும் என்பதை யாரிடம் எப்படிச் சொல்வது என்ற பாடத்துக்காக. வகுப்பில் பாதிக்கு மேல் அதுதான்.

தரப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை. காலையில் உள்ளே நுழைந்ததிலிருந்து நாம் பேசுவதில் பாதி இந்த வாக்கியங்கள்தான். இந்தப் பெட்டியைத் தனியே வை, அந்த அளவை மறுபடி எடு, அறிக்கை மூன்று மணிக்குள் வரணும், லாரி கிளம்புவதற்கு முன் கையெழுத்து வேண்டும். போனில் வைத்துப் படிக்கும் செயலிகள் இதையெல்லாம் ஒரே இலக்கணப் பெட்டியில் போட்டுத் தருகின்றன. தெனேர் கே, தெபேர், ஐ கே மூன்றும் 'வேண்டும்' என்று ஒரு அட்டவணை, அவ்வளவுதான். அட்டவணை தப்பில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு உற்பத்தி லைனில் ஒரு நாள் ஓட்ட முடியாது.

மாயெஸ்த்ரா செய்தது என்னவென்றால், ஒரே வேலையை மூன்று ஆட்களிடம் சொல்லச் சொன்னார். அந்த வகுப்பை விரிவாகவே எழுதுகிறேன். சூழல் இது: அளவு தவறிய பாகங்கள் கலந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்த பெட்டிகள் லைன் ஓரத்தில் நிற்கின்றன. ஆறு மணிக்கு வாடிக்கையாளருக்குப் போகும் லாரி கிளம்பும். அதற்குள் பெட்டிகளைப் பிரித்து, ஃபோர்க்லிஃப்டில் தூக்கிக் கிடங்கின் தனிப்பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். அப்புறம் வாடிக்கையாளரின் ஆலையில் இருக்கும் தரப் பொறியாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

முதல் ஆள் லைனில் நிற்கும் பரிசோதகர். எங்களில் ஒருவர் "தியெனெஸ் கே செபரார் எஸ்தாஸ் காஹாஸ்" என்றார். 'நீ இந்தப் பெட்டிகளைப் பிரிச்சாகணும்' என்று அர்த்தம். இலக்கணம் சரி. மாயெஸ்த்ரா "ஐ கே செபரார் எஸ்தாஸ் காஹாஸ், போர் ஃபவோர்" என்று மாற்றினார். ஐ கே என்று ஆரம்பித்தால் யாரையும் சுட்டுவதில்லை. வேலை ஒன்று இருக்கிறது, அது நடக்கணும், அவ்வளவே. நமக்கு இது புதிதே இல்லை. "இந்தப் பெட்டியெல்லாம் பிரிச்சு வைக்கணும்" என்று நாம் ஓசூரில் சொல்லும்போது நீ என்றும் சொல்வதில்லை, நான் என்றும் சொல்வதில்லை. கேட்பவர் தானே எழுந்து போவார். தமிழில் நாம் தினமும் செய்வதை ஸ்பானிஷில் ஐ கே செய்கிறது. தெனேர் கே என்பதை ஒருவரை நேராகப் பொறுப்பாக்க வேண்டிய இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதையே நம்மைப் பற்றிச் சொல்லும்போது, 'தெங்கோ கே', அதாவது நான் செய்தாகணும் என்று சொல்லும்போது, எந்த உறுத்தலும் இல்லை, தாராளமாகச் சொல்லலாம்.

இரண்டாவது ஆள் கிடங்குப் பொறுப்பாளர். அவர் நமக்குக் கீழே வேலை பார்ப்பவர் இல்லை. அவருக்கென்று ஆயிரம் வேலை இருக்கும். அவரிடம் வாக்கியம் இப்படிப் போனது: "இன்ஹே, மே அபோயா கோன் எல் மோந்தகார்காஸ்? மே ஊர்ஹே மோவேர் எஸ்தே மதெரியால் அந்தெஸ் தே லாஸ் செய்ஸ்." இன்ஹே என்பது இன்ஹெனியேரோ, அதாவது பொறியாளர், என்பதன் சுருக்கம். மெக்ஸிகோவில் படித்த படிப்பை வைத்துக் கூப்பிடுவது வழக்கம். பட்டதாரியை 'லிசென்சியாதோ' என்பார்கள், சுருக்கமாக 'லிக்'. வயதில் மூத்த தொழிலாளியின் பெயருக்கு முன்னால் 'தோன்' சேர்ப்பார்கள். மோந்தகார்காஸ் என்றால் ஃபோர்க்லிஃப்ட். 'மே அபோயா கோன்' என்றால் இதில் எனக்குக் கைகொடுக்கிறீர்களா என்பது மாதிரி. மெக்ஸிகோ அலுவலகங்களில் எதைக் கேட்டாலும் இந்த வார்த்தையோடுதான் ஆரம்பிப்பார்கள், அறிக்கையானாலும் கையெழுத்தானாலும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இது காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஆனால் எந்தப் பாடப் புத்தகத்திலும் இது கேட்கும் விதமாகச் சொல்லித்தரப்பட்டு நான் பார்க்கவில்லை. இந்த வகுப்பில்தான் முதல் வாரத்திலேயே கொடுத்தார்கள்.

அடுத்து வருவது மே ஊர்ஹே. இதை ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் திணறுகிறார்கள். குழுவில் இருந்த ஜெர்மன்காரருக்கும் ஒரு அமெரிக்கப் பெண்ணுக்கும் 'நான்' எங்கே போனது என்று புரியவே நேரம் எடுத்தது. தமிழ் தெரிந்தவருக்கு ஒரு நொடியில் புரியும். 'எனக்கு அவசரம்.' நான் அவசரம் என்று நாம் சொல்வோமா? மே என்றால் எனக்கு, ஊர்ஹே என்றால் அவசரமாகத் தேவைப்படுகிறது. 'மே ஃபால்தா உன் ரெப்போர்த்தே' என்றால் எனக்கு ஒரு அறிக்கை இன்னும் வரவேண்டியிருக்கிறது. இப்படி எனக்கு, உனக்கு, அவருக்கு என்று ஆரம்பிக்கும் வாக்கியங்கள் ஸ்பானிஷில் ஏராளம், தமிழிலும் ஏராளம். தமிழர்கள் ஸ்பானிஷ் படிக்கும்போது ஆங்கிலத்தைக் குறுக்கே நிறுத்தாமல் நேராகத் தமிழிலிருந்து போனால் இந்தப் பகுதி மட்டும் மிகச் சுலபம் என்பது என் உறுதியான கருத்து. பள்ளியில் எல்லா விளக்கமும் ஆங்கிலம் வழியாகத்தான் வந்தது. வேறு வழியும் அவர்களுக்கு இல்லை. நான் நோட்டின் வலது பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டே போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மூன்றாவது ஆள் வாடிக்கையாளர் ஆலையின் பொறியாளர். அவருக்கு மின்னஞ்சல். இங்கே மாயெஸ்த்ரா நேரம் எடுத்துக்கொண்டார். "புவேனாஸ் தார்தெஸ், இன்ஹெனியேரோ" என்று தொடங்கி, அதற்குப் பின்னால் காற்புள்ளி இல்லாமல் முக்காற்புள்ளி வைக்க வேண்டும். ஸ்பானிஷ் கடித வழக்கம் அது. அடுத்த வரியில் நலம் விசாரிப்பு. அப்புறம்தான் விஷயம். விஷயத்தில் நம் பொறுப்பை 'தெபேமோஸ்' என்று நாமே ஏற்றுக்கொள்வது: பெட்டிகளைப் பிரிக்க வேண்டியது எங்கள் கடமை, பிரித்துவிட்டோம் என்று. கடைசியில் அவரிடம் வேண்டியதைக் கேட்பது: "லே அக்ரதெசெரீயா கே மே கோன்ஃபிர்மாரா ஆ மாஸ் தர்தார் ஓய் ஆ லாஸ் சிங்கோ." இன்று ஐந்து மணிக்குள் உறுதி செய்தால் நன்றியுடையவளாக இருப்பேன் என்று பொருள். 'ஆ மாஸ் தர்தார்' என்பதுதான் அந்த வரியின் உயிர். தாமதமானாலும் இதற்கு மேல் தாமதம் கூடாது என்ற எல்லையை மரியாதை குறையாமல் வைக்கிறது. முடிவில் 'கேதோ ஆல் பெந்தியெந்தே', உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன் என்பது. மெக்ஸிகோ மின்னஞ்சல்களில் அடிக்கடி பார்க்கிற முடிப்பு அது.

மின்னஞ்சல் விஷயத்தில் அவர் இன்னொன்றையும் திரும்பத் திரும்பச் சொன்னார். தலைப்பில் 'உர்ஹெந்தே' என்று பெரிய எழுத்தில் போடுவதை நிறுத்துங்கள். எல்லாமே அவசரம் என்றால் எதுவுமே அவசரமில்லை என்று படிப்பவர் முடிவு செய்துவிடுவார். அதற்குப் பதில் மூன்று விவரம் கொடுங்கள்: என்ன வேண்டும், எந்த நேரத்துக்குள், தாமதமானால் எது நிற்கும். "லைன் நிற்கும்" என்ற ஒரு காரணம் இருந்தால் பத்து ஆச்சரியக்குறி தேவையில்லை. இங்கே லைன் நிற்பதை 'பாரோ தே லீனெயா' என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் ஆலையில் யாராக இருந்தாலும் தலைநிமிர்ந்து பார்ப்பார்கள்.

'ஆ லா ப்ரெவெதாத்' என்ற தொடர் பற்றியும் நல்ல விளக்கம் கிடைத்தது. கூடிய சீக்கிரம் என்பதன் அலுவலக வடிவம். வங்கிக் கடிதத்திலும் அரசு அறிக்கையிலும் பொருத்தமாக இருக்கும். பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னால் விறைப்பாக இருக்கும். அவரிடம் 'லோ அந்தெஸ் பொசீப்லே', அல்லது 'மஞானா சின் ஃபால்தா', நாளைக்குத் தவறாமல், என்று சொன்னால் போதும். 'எஸ் பாரா அயேர்' என்றால் இது நேற்றே முடிந்திருக்க வேண்டியது. அதை மேலதிகாரி நம்மிடம் சொல்வார், நாம் மேலதிகாரியிடம் சொல்லக் கூடாது.

எனக்கு மிகவும் பயன்பட்ட பாடம் எதிர்மறை. இதை ஒரு பாதுகாப்புப் பாடமாகவே எல்லாத் தொழிற்சாலையிலும் நடத்தலாம். "நோ தியெனே கே அபகார் லா மாகினா" என்றால் இயந்திரத்தை நிறுத்த வேண்டியதில்லை. "நோ தேபே அபகார் லா மாகினா" என்றால் இயந்திரத்தை நிறுத்தக் கூடாது. தமிழில் வேண்டியதில்லை, கூடாது என்று இரண்டும் தெளிவாகப் பிரிந்தே இருக்கின்றன, நாம் குழம்ப மாட்டோம். ஆனால் ஸ்பானிஷ் பேச்சில் முதல் வாக்கியம் சில சமயம் தடை போலவும் வந்துவிடும். 'நோ ஐ கே' என்பதும் அப்படியே, தொனியைப் பொறுத்து இரண்டு பக்கமும் சாயும். அதனால் கையோ விரலோ சம்பந்தப்பட்ட விஷயத்தில் 'நோ தேபே' அல்லது 'எஸ்தா ப்ரோஇபீதோ' மட்டும் சொல்லுங்கள், வேறு எதையும் பரீட்சை செய்து பார்க்காதீர்கள் என்றார். பணியாளர் பிரிவில் இருந்தவர் சொல்லும்போது அதில் ஒரு கனம் இருந்தது.

அப்புறம் தெபேர் தே. "தேபே தே எஸ்தார் என் எல் அல்மசேன்" என்றால் அது கிடங்கில்தான் இருக்கணும் என்ற ஊகம். கட்டாயம் இல்லை. நாமும் 'அவர் கேன்டீன்லதான் இருக்கணும்' என்கிறோமே, அதே. எழுத்தில் 'தே' சேர்த்தால் ஊகம் மட்டும்; சேர்க்காவிட்டால் கடமையாகவும் இருக்கலாம், ஊகமாகவும் இருக்கலாம். பேச்சில் ஆட்கள் இரண்டையும் கலந்தே பேசுகிறார்கள். அதனால் யாராவது இந்த வாக்கியத்தைச் சொன்னால் அவர் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தணிக்கைக்கு ஆள் வந்து நிற்கும்போது இது பெரிய வித்தியாசம்.

அஓரித்தா பற்றிச் சொல்லாமல் மெக்ஸிகோவைப் பற்றி எழுத முடியாது. அகராதியில் இப்போதே என்று இருக்கும். இங்கே அது இந்த நொடியாகவும் இருக்கும், இன்னும் ஒரு மணி நேரமாகவும் இருக்கும், சில நேரம் மென்மையான மறுப்பாகவும் இருக்கும். உடனே, கையோடு என்பதற்கு மெக்ஸிகோக்காரர்கள் 'லுவேகோ லுவேகோ' என்பார்கள். வெறும் லுவேகோ ஒன்று மட்டும் வந்தால் பிறகு என்று அர்த்தம். இரட்டித்தால் நேர் எதிராகிவிடும். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித்தந்துவிடலாம். மாயெஸ்த்ரா சொல்லித்தந்தது, அஓரித்தா என்று பதில் வந்தால் நாம் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது. கோபப்படவும் கூடாது, தலையாட்டிவிட்டு வரவும் கூடாது. "கோமோ ஆ கே ஓரா லோ தெந்த்ரீயா?" சுமாராக எத்தனை மணிக்குக் கையில் இருக்கும் என்று தணிந்த குரலில் ஒரு கேள்வி. எதிரே இருப்பவர் ஒரு மணியைச் சொல்லிவிடுவார், சொன்ன பிறகு அது அவருடைய வாக்கு. எங்கள் அளவீட்டு ஆய்வகத்தில் இந்தக் கேள்வியைத்தான் தினமும் கேட்கிறேன். "நாலரைக்கு" என்று வந்தால் நாலரைக்குப் போய் நிற்கிறேன், தாள் தயாராக இருக்கிறது.

நான் எதிர்பார்க்காத ஒரு பாடம் சட்டம். மெக்ஸிகோவின் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டத்திலிருந்து சில பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்தார். 132ஆம் பிரிவு முதலாளிகளின் கடமைகள், 134ஆம் பிரிவு தொழிலாளர்களின் கடமைகள். சட்டத்திலும் நிறுவன விதிகளிலும் 'தெபெரா', 'தெபெரான்' என்ற எதிர்கால வடிவம் வரும். செய்ய வேண்டும் என்பதன் மிகக் கறாரான உருவம் அது. அதைப் பேச்சில் யாரும் பயன்படுத்துவதில்லை, ஆனால் படித்தால் புரிய வேண்டும். நம் வேலை ஒப்பந்தமே அதில்தான் இருக்கிறது. அவர் 132ஐ முதலில் படிக்க வைத்தார். உங்களிடம் எதைக் கேட்கலாம் என்று தெரிவதற்கு முன்னால் உங்களுக்கு எதைக் கொடுத்தாக வேண்டும் என்று தெரியட்டும் என்றார். அந்தப் பிரிவில்தான் நாற்காலிச் சட்டம் என்று இங்கே எல்லாரும் சொல்லும் 'லெய் சீயா' திருத்தமும் வருகிறது. 2024 டிசம்பரில் அரசிதழில் வந்து, 2025 ஜூனில் அமலுக்கு வந்தது. நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு முதுகு சாய்க்கிற இருக்கை தந்தாக வேண்டும் என்பது அதன் சாரம். அன்றைக்கு ஒரு மணி நேரம் முழுக்க அதைப் பற்றியே பேசினோம்: முதலாளி எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது, தொழிலாளி எப்படிக் கேட்கலாம். இலக்கணமும் வந்தது, இந்த ஊரில் வேலை பார்ப்பவளுக்குத் தெரிய வேண்டிய விஷயமும் வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் நாம் பகல் ஷிஃப்ட் எட்டு மணி நேரம், இரவு ஷிஃப்ட் ஏழு மணி நேரம் என்ற வரம்பைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடுகிறோம். அது எனக்கு வருத்தம்தான்.

சுவரில் இருக்கும் பலகைகளையும் பாடமாக்கினார். மெக்ஸிகோவின் நோம்-026 விதிப்படி நீல வட்டம் என்றால் கட்டாயம், சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு என்றால் தடை, மஞ்சள் முக்கோணம் என்றால் எச்சரிக்கை. 'ஊசோ ஒப்லிகதோரியோ தே காஸ்கோ', தலைக்கவசம் கட்டாயம். 'ஃபவோர் தே' என்று ஆரம்பிக்கும் தாள்கள் ஓய்வறையிலும் கேன்டீனிலும் ஒட்டியிருக்கும்: தட்டைக் கழுவி வைக்கவும், கதவைச் சாத்தவும். இதே ஃபவோர் தே மின்னஞ்சலில் வந்தால் கொஞ்சம் உத்தரவு வாடை அடிக்கும்; சமமானவர்களுக்கு எழுதும்போது தவிர்ப்பது நல்லது என்றார். அந்த நுணுக்கம் எனக்குப் புதிது.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

முதல் குறை பாடப் புத்தகம். அது ஸ்பெயினில் அச்சானது. கணினிக்கு 'ஒர்தெனதோர்' என்கிறது, இங்கே 'கொம்புத்தாதோரா'. 'நீங்கள் எல்லாரும்' என்பதற்கு ஸ்பெயினில் மட்டும் வழங்கும் வினை வடிவங்களைப் பக்கம் பக்கமாகத் தருகிறது. மெக்ஸிகோவில் நீங்கள் அதை வாய் திறந்து சொல்லவே போவதில்லை. ஸ்பெயினில் எடு, பிடி என்று சாதாரணமாகச் சொல்லும் 'கொஹேர்' இங்கே கெட்ட வார்த்தை. மாயெஸ்த்ரா ஒவ்வொரு பக்கத்திலும் அடித்துத் திருத்திக்கொண்டே போக வேண்டியிருந்தது. புத்தகத்துக்குத் தனியாகப் பணம் வாங்குகிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். அவர் கையால் தயாரித்துத் தந்த தாள்கள் அதைவிடப் பல மடங்கு மேல். அதையே தொகுத்துக் கொடுத்தால் போதும்.

இரண்டாவது குறை வரிசை. மெக்ஸிகோ தொழிற்சாலையில் காது கொடுத்துக் கேட்டால் அதிகம் வருவது 'நெசெசீத்தோ கே' என்ற தொடர். "நெசெசீத்தோ கே மே மாந்தெ எல் ரெப்போர்த்தே", அறிக்கையை நீங்கள் எனக்கு அனுப்ப வேண்டும். இதில் வரும் வினை சாதாரண வடிவம் இல்லை, வேண்டுதலுக்கென்று தனியாக உள்ள வடிவம். புத்தகங்கள் அதைக் கடினம் என்று சொல்லி இடைநிலைப் படிப்புக்குத் தள்ளிவிடுகின்றன. இந்தப் பள்ளியும் கடைசி மாதத்துக்குத் தள்ளியது. வேலைக்கான வகுப்பு என்று பெயர் வைத்துவிட்டு இதைத் தள்ளுவது சரியில்லை. இலக்கணம் பிறகு வரட்டும், 'மே மாந்தெ, மே அவீசெ, மே கோன்ஃபீர்மெ, மே அபோயெ' என்ற நாலையும் முதல் வாரமே மனப்பாடமாகக் கொடுத்துவிடலாம். அனுப்புங்கள், தெரிவியுங்கள், உறுதி செய்யுங்கள், உதவுங்கள். ஒரு ஷிஃப்ட் ஓட இந்த நாலு போதும். இதை நான் மாயெஸ்த்ராவிடம் நேரிலேயே சொன்னேன். அடுத்த குழுவுக்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது, வகுப்போடு சேர்த்துத் தரும் இணையப் பயிற்சி. ஒரு கேள்விக்கு ஒரே பதிலைத்தான் ஏற்கிறது. 'தியெனெஸ் கே' என்று எதிர்பார்க்கும் இடத்தில் 'தேபெஸ்' என்று எழுதினால் சிவப்பு. இரண்டுமே சரியான வாக்கியம். வகுப்பில் யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பார்த்துச் சொல் என்று கற்றுத்தந்துவிட்டு, இணையத்தில் யார் என்றே சொல்லாமல் மதிப்பெண் குறைப்பது படிப்பவரைக் குழப்பும். அதைத் திறக்காமல் விட்டாலும் நஷ்டமில்லை. கேட்டல் பயிற்சி ஒலிப்பதிவுகளும் அப்படியே, அமைதியான அறையில் நிறுத்தி நிதானமாகப் பேசியவை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பிரஸ் ஓடும் சத்தத்தில் பேசுபவரின் வாக்கியத்தில் பாதிதான் நமக்குக் கிடைக்கும்; அதற்கு ஒரு பயிற்சியும் இல்லை.

நான்காவது, நேரம். ஷிஃப்ட் மாறினால் வகுப்பு போய்விடும். மாற்று நேரம் தருவதில்லை, கட்டிய பணத்தையும் திருப்புவதில்லை. தொழிற்சாலைக்காரர்களுக்கென்று நடத்தும் வகுப்பில் இதை இன்னும் நன்றாக யோசித்திருக்க வேண்டும். சுழற்சி ஷிஃப்டில் இருப்பவர்கள் தனி வகுப்பு எடுப்பதே நல்லது, பணம் கூடினாலும்.

சான்றிதழ் வேண்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பள்ளி கொடுக்கும் தாள் நிறுவனத்தின் பயிற்சிக் கணக்குக்கு உதவும், அதற்கு மேல் இல்லை. வெளியே மதிப்புள்ளது வேண்டுமென்றால் ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான இன்ஸ்திதுத்தோ செர்வாந்தெஸ் வழங்கும் தேலே, அல்லது மெக்ஸிகோவின் தேசியப் பல்கலைக்கழகமும் செர்வாந்தெஸும் சாலமன்கா, புவேனோஸ் ஐரெஸ் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்தும் சியேலே. தேலே காலாவதி ஆவதில்லை. சியேலே ஐந்து வருஷம் செல்லும். இந்தியாவிலிருந்தே தயாராக விரும்புபவர்களுக்கு டெல்லியில் செர்வாந்தெஸ் மையம் இருக்கிறது.

யார் சேரலாம்? லைனில், தரத்தில், கிடங்கில், கொள்முதலில் இருப்பவர்கள், அதாவது தினமும் யாரிடமாவது எதையாவது நேரத்துக்குள் வாங்கியாக வேண்டியவர்கள், தயங்காமல் சேரலாம். நிகழ்காலம் மட்டும் ஓரளவு தெரிந்திருந்தால் போதும். ஒன்றுமே தெரியாமல் வந்தவர்கள் முதல் இரண்டு வாரம் தத்தளித்ததைப் பார்த்தேன். வீட்டிலிருந்தே ஆங்கிலத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும், கடை கண்ணிக்குப் போய்வர ஸ்பானிஷ் வேண்டுபவர்களுக்கும் இது வேண்டாம், அதற்கு மலிவான வகுப்புகள் இருக்கின்றன.

வேறு பள்ளியில் சேர்ந்தாலும் சரி, சேர்வதற்கு முன்னால் மாதிரி வகுப்பு ஒன்று கேளுங்கள். போகும்போது நீங்கள் ஆங்கிலத்தில் அனுப்பிய நிஜமான மின்னஞ்சல்கள் சிலவற்றை, பெயர்களையும் பாக எண்களையும் அடித்துவிட்டு, எடுத்துக்கொண்டு போங்கள். இதை என் கிடங்குக்காரரிடம் எப்படிச் சொல்வது, என் வாடிக்கையாளரிடம் எப்படி எழுதுவது என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தைத் தருகிற ஆசிரியர் என்றால் வேறு இடம் பாருங்கள். எழுதுவதற்கு முன்னால் அந்தக் கிடங்குக்காரர் உங்களைவிட மூத்தவரா, அவரை உஸ்தெத், அதாவது நீங்கள், என்கிறீர்களா, தூ, அதாவது நீ, என்கிறீர்களா என்று திருப்பிக் கேட்கிறவர் கிடைத்தால், அன்றைக்கே பணம் கட்டிவிடலாம்.